நம்ம கொக்கு சீமையில் கூடு கட்டியதா?

ஜூன் 8. திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவர் கேட்டது

அக்கா, எங்க அண்ணன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் வேலையில் இருக்கான். போன ஞாயிறு ஒரு படம் அனுப்பினான். மாட்டு மந்தைக்கு நடுவில் கொக்கு நிற்குது. அச்சு அசல் நம்ம வயல் கொக்கு. முன்னாடி அங்கே இது கிடையாதாம், இப்போ கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குதாம். நம்ம ஊர்ப் பறவை சீமையில் போய் ஜெயிச்சிருக்கு என்று நான் சொல்றேன். சரிதானே?

ஜூன் 8, இரவு

சரிதான் தம்பி. உண்ணிக்கொக்கு, மாட்டுக்கொக்கு என்று இரண்டு பெயரும் அதற்கு உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டலுக்குத் தெற்கே சாமர்செட் என்றொரு வட்டாரம். அங்கே 2008இல்தான் அந்த நாட்டிலேயே முதன்முதலாகக் கூடு கட்டியது. அதிலிருந்து அங்கேயே இருக்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது, கொசு தாங்கவில்லை.

ஜூன் 11

நாளை மேட்டூர் திறக்கிற தேதி. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் பத்து நாளாவது ஆகும். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, ஒரு கொக்கைக்கூடக் காணோம். அதனால் எழுத நேரம் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் பின்னால் நடந்துகொண்டிருந்த பறவை இது. 1870களின் கடைசியில் தென் அமெரிக்காவின் வடகரையில், சுரினாம் பக்கம் தென்பட்டது. யாரும் கூண்டில் அடைத்துக் கொண்டுபோகவில்லை. அட்லாண்டிக் கடலைத் தானாகவே தாண்டியிருக்கிறது. அதே சுரினாமுக்கு 1873இல்தான் இந்தியாவிலிருந்து கூலியாட்களை ஏற்றிய முதல் கப்பல் போனது. கரும்புத் தோட்டத்தில் தலை நிமிர்ந்தவர்கள் என்றைக்காவது ஒரு நாள் மாட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கொக்கைப் பார்த்திருப்பார்கள் இல்லையா? ஊர் ஞாபகம் எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறபோது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1941 வாக்கில் புளோரிடா போய்விட்டது. ஆனால் அங்கே முதல் கூட்டைக் கண்டது 1953இல், ஓக்கிசோபி என்ற பெரிய ஏரியில். நடுவில் பன்னிரண்டு வருஷம். 1962இல் கனடாவிலும் கூடு. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கி மாட்டை விட்ட இடமெல்லாம் இதற்கு வாசல் திறந்த மாதிரி ஆனது. ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்த்துகல் பக்கம் முன்பே இருந்தது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து 1969இல் தெற்கு பிரான்சின் கமார்க் சதுப்பில் கூடு கட்டியது. அப்புறம்தான் சாமர்செட்.

அந்தச் சாமர்செட் நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்ம டெல்டா மாதிரியே தட்டையான பூமி, நெடுக வாய்க்கால். அங்கே விளைவது புல், நமக்கு நெல். ஒரு காலத்தில் செடிகொடி மக்கி உண்டான கரிமண்ணை வெட்டி எடுத்து எரிக்கவும் தோட்டத்துக்கும் விற்றார்கள். வெட்டிய பள்ளங்களில் தண்ணீரைத் தேக்கி நாணல் வளர விட்டார்கள். தண்ணீர் வந்ததும் ஒவ்வொரு பறவையாக வந்தது. பெரிய கொக்கும் 2012இல் அதே வட்டாரத்தில்தான் அந்த நாட்டின் முதல் கூட்டைக் கட்டியது.

ஜூன் 15

திருத்தம். 8ஆம் தேதி "சரிதான்" என்று எழுதினேனே, அது சரியில்லை.

தம்பி நேற்று அண்ணனின் படத்தை அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சந்தலையில் ஒரு திட்டு, மார்பில் ஒரு திட்டு, முதுகில் கொஞ்சம், அவ்வளவுதான் பழுப்பு. கன்னமும் கழுத்தும் சுத்த வெள்ளை. நம்ம கொக்குக்குக் கூடு கட்டும் பருவத்தில் அப்படியா இருக்கும்? தலை, கன்னம், கழுத்து, மார்பு எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஆரஞ்சாகிவிடும். எங்கள் பக்கம் பிள்ளைகள் அதைக் கல்யாணக் கொக்கு என்பார்கள்.

ஆக இரண்டும் வேறு. மேற்கத்திய உண்ணிக்கொக்கு ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்தது. இங்கிலாந்தில் கூடு கட்டுவது அதுதான். கீழ்த்திசை உண்ணிக்கொக்கு இந்தியாவிலிருந்து கிழக்கே சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரைக்கும். ரொம்பக் காலம் இரண்டையும் ஒரே இனம் என்றார்கள், இப்போது பட்டியல்களில் பிரித்துவிட்டார்கள். வெள்ளையாக நிற்கிற பருவத்தில் படம் எடுத்திருந்தால் நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

தம்பிக்கு ஏமாற்றமாக இருக்கும். நம்ம கொக்கும் சும்மா இருக்கவில்லை. 1940களில் ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் நூற்றுக்கணக்கில் போய் இறங்கியது. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட எருமைகள் காட்டில் பெருகிக் கிடந்தன. எருமை முன்னால் போய்விட்டது, கொக்கு பின்னால் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 16

விட்டுப்போன ஒன்று, இது தம்பிக்குப் பிடிக்கும். நம்ம கொக்கின் அறிவியல் பெயரில் கோரமண்டஸ் என்று வருகிறது. 1783இல் போடார்ட் என்ற டச்சுக்காரர் வைத்தார். கோரமண்டல் கரையின் பறவை என்று பொருள். கோரமண்டல் எது? சோழமண்டலம்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. ஜப்பானில் இந்தக் கொக்கைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவரும் நம்ம மண்ணின் பெயரைத்தான் எழுதுகிறார்.

ஜூன் 27

தண்ணீர் வந்துவிட்டது. முந்தாநாள் ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நுரையும் சருகும் நெய்வேலிக் காட்டாமணக்கின் குச்சியுமாக உருட்டிக்கொண்டு வந்தது. காலையில் முதல் வயலில் சேடை ஓட்ட டிராக்டர் இறங்கியதும் கொக்கு எங்கிருந்து வந்ததோ, நாற்பது இருக்கும். கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்துக்கும் கொக்குக் காலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. ஒன்றும் அடிபடவில்லை.

அப்பா ஏர் ஓட்டியபோது கொக்கு இன்னும் நெருக்கம். கலப்பை புரட்டிப்போட்ட மண்ணில் அவர் காலடிக்குப் பின்னாலேயே நடக்கும். குனிந்தால் தொடலாம். ஒரு தடவை பிடிக்கப் போனேன், அப்பா சாட்டைக் குச்சியால் சும்மா காற்றில் ஒரு வீசு வீசினார். "அதுவும் கூலிக்கு வந்த ஆளுதான், வேலை செய்ய விடு" என்றார். நான்காவது படித்துக்கொண்டிருந்தேன்.

உண்ணிக்கொக்கு என்று பெயர் இருக்கிறதே, உண்ணியைத் தின்கிறதா என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். மாட்டின் மேலிருந்து உண்ணி பொறுக்குவது குறைவு. இரையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வெட்டுக்கிளி, ஈ, தவளை, சிலந்தி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சிதான் அதற்குக் கணக்கு. ஏரி ஓரத்தில் ஒற்றைக் காலில் காத்திருப்பது வேறு கொக்கு. இது ஓடிப் பிடிக்கிற ஜாதி. மாடு இல்லாவிட்டால் டிராக்டர், அதுவும் இல்லாவிட்டால் களை எடுக்கிற பெண்கள். கிளப்பிவிட ஏதோ ஒன்று முன்னால் போனால் போதும்.

ஜூலை 20

"ஜெயிச்சிருக்கு" என்று தம்பி போட்ட வார்த்தை மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும்.

நம்ம காக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலேறிப் போன பறவை என்றால் அதுதான். 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் இரண்டு வந்து இறங்கின. 1997இல் கூடு கட்டின. கொஞ்சம் பெருகியதும் அந்த நாட்டுக்காரர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்துச் சுட்டு அகற்றினார்கள். கென்யாக் கடற்கரையில் நிலைமை இன்னும் மோசம். மொம்பாசா, மலிண்டி பக்கம் நம்ம காக்கை அந்த ஊர்ச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் காலி செய்கிறது. 2024இல் பத்து லட்சம் காக்கையை ஒழிக்கப்போவதாக அந்த நாட்டு வனவிலங்குத் துறை அறிவித்தது. அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற நமக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் முட்டையைப் பறிகொடுக்கிற அந்தச் சிட்டுக்கு நம்ம அமாவாசை தெரியாதே.

ஹவாய்த் தீவுக்கு 1959இல் உண்ணிக்கொக்கை மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள், மாட்டு ஈயைக் குறைக்கட்டும் என்று. இப்போது அங்கே அது தொல்லை. ஆனால் அதே பறவை சாமர்செட்டில் விருந்தாளி. அந்த இடத்தில் முன்பே யார் குடியிருந்தார்கள், வந்தது யார் வயிற்றில் அடிக்கிறது என்பதைப் பார்க்காமல் ஜெயித்தது தோற்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டன் பூங்காக்களில் பச்சைக்கிளி கத்துகிறதே, அதைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. கூண்டிலிருந்து தப்பியவையும் திறந்துவிட்டவையும் பெருகிய கூட்டம் அது. 1960களின் கடைசியிலிருந்து கூடு வைக்கிறது. மரபணுவைப் பார்த்து பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்துக் கிளிகள் என்று சொல்லியிருக்கிறார்கள். மன்னார்குடிக் கிளி இல்லை.

ஜூலை 21

நேற்று எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மருமகள், "அத்தை, காக்கை போன ஊருக்குக் குயிலும் போகுமா?" என்று கேட்டாள். போயிருக்கிறது. சிங்கப்பூரில் காக்கை பெருகிய பிறகுதான் குயிலும் பெருகியது. முட்டை வைக்க வீடு கிடைத்துவிட்டதே. நல்ல கேள்வி என்று அவளிடம் சொன்னேன், ராத்திரி ஒரு தோசை கூடக் கிடைத்தது.

ஆகஸ்ட் 4

இன்னொரு திருத்தம். முதல் நாள் "2008இல் கூடு கட்டியது, அதிலிருந்து அங்கேயே இருக்கிறது" என்று எழுதினேன். 2008இல் சாமர்செட்டில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது நிஜம். ஆனால் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கூடு இல்லை. பறவை வரும், நிற்கும், போகும். 2017இல்தான் மறுபடியும் கூடு. அதற்குப் பிறகுதான் வருஷா வருஷம் கூடிக்கொண்டு போகிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நான் விடத் தயாரில்லை. நியூசிலாந்தில் 1963இல் முதல் உண்ணிக்கொக்கைப் பார்த்தார்கள். அது நம்ம கீழ்த்திசைக் கொக்கு. அன்றிலிருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, அந்த ஊர்க் குளிர்காலத்தை மாட்டோடு கழித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. கூடு மட்டும் கட்டுவதில்லை. அறுபது வருஷம் வந்து போனாலும் அங்கே அது ஊர்க்காரன் இல்லை, வந்து போகிறவன்தான்.

ஆகஸ்ட் 17

மயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எங்கள் ஊரில் மயில் கிடையாது. மயில் பார்க்க வேண்டுமென்றால் விராலிமலைக்குப் போக வேண்டும். முருகன் கோயில் படியில் நின்று பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் கதை சொன்னோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலை கொல்லையில் ஓர் ஆண்மயில். தனியாக வந்தது. ஊரே செல்போனோடு கூடியது. சாம்பிராணி காட்டியவர்களும் உண்டு. அது ஒரு வாரம் திரிந்துவிட்டு எங்கோ போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து மூன்று வந்தன. அப்புறம் எப்போதும் இருந்தன.

ஆனால் நான் மயில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று மனசில் முத்திரை போட்டது அன்றைக்கு இல்லை. தாளடி வரப்பில் உளுந்துக்குள் ஒரு பெட்டையும் அதன் பின்னால் கோழிக்குஞ்சு மாதிரி நான்கும் போனதைப் பார்த்த அன்றுதான். தரையில் ஐந்தாறு முட்டை வைத்து நான்கு வாரம் அடைகாத்து, நாய், கீரி எல்லாவற்றையும் தப்பி வந்த நான்கு குஞ்சு.

இப்போது நிலைமை வேறு. நாற்றங்காலில் விதைத்த அன்றே மயில் இறங்குகிறது. பக்கத்து வயல்காரர் பழைய சேலை, கேசட் டேப்பு எல்லாம் கட்டிப் பார்த்தார். தேசியப் பறவை, கை வைக்க முடியாது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதை நெல் விலைக்கு வாங்கியது. ஏன் வந்தது என்றால் நரி குறைந்ததைச் சொல்கிறார்கள், தரிசும் சீமைக்கருவேலமும் பெருகியதைச் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. சீமைக்காரன் காக்கையைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்பது எனக்கு இந்த மயிலால்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 18

மயில் புகுந்த நாற்றங்காலுக்கு வலை போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் போட்டோம். மயில் நின்றது, தவளையும் பாம்பும் மாட்டிச் செத்தன. எடுத்துவிட்டோம். இப்போது விதைத்து ஒரு வாரம் ஆள் காவல்தான்.

செப்டம்பர் 28

இன்று உதயமார்த்தாண்டபுரம் போய் வந்தேன். முத்துப்பேட்டை போகிற பாதை. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நாட்டுக்கருவேலத்தில் நத்தைகுத்தி நாரைகள் குச்சி தூக்க ஆரம்பித்துவிட்டன. சித்திரையில் வந்தால் அதே ஏரியில் மாடு மேயும். மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்துதான் அதை ஏரியாக்குகின்றன. 2022இல் இதற்கும் வடுவூர் ஏரிக்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கம் வடுவூர்தான், ஆனால் கூட்டை நெருக்கமாகப் பார்க்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

கரையில் சுண்டல் விற்ற அம்மா சொன்னது: "இதுங்க குச்சி பொறுக்குற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு மழை வரும்னு தைரியம்."

நாரை அலகின் நடுவில் இடைவெளி இருக்கும், முழுசாக மூடாது. நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை உருவ அது தோது. இதே நாரை தாய்லாந்தில் பெருகித் தெற்கே இறங்கியிருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நத்தை அங்கே நெல் வயலெல்லாம் பரவியதுதான் காரணம் என்கிறார்கள். 2013இல் சிங்கப்பூரில் முதன்முதலாகத் தென்பட்டது. சிங்கப்பூரில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! யாராவது மேலே பார்த்து "இது நம்ம ஏரி நாரையாச்சே" என்று சொல்லியிருப்பார்கள்.

அக்டோபர் 12

இனி எழுதப்போவது எங்கள் ஊர்க் கதை. தம்பியின் கேள்வி வந்த நாளிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குளக்கரையில் ஓர் ஆலமரம் இருந்தது. கார்த்திகை மாதம் வந்தால் அதில் உண்ணிக்கொக்குக் கூடு ஐம்பது அறுபது இருக்கும். கீழே நடந்தால் எச்சம் தலையில் விழும், குடை பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். கூட்டம் பறந்தால் நகத்தை நீட்டிப் பூப்போடச் சொல்லிக் கத்துவோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அதைச் சாய்த்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மரம் இருந்த இடத்தில் வானம். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்ததை எண்ணினேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதற்கப்புறம் கொக்கு வயலுக்கு வரும், சாயங்காலம் வேறு எங்கோ போய்விடும். எங்கள் ஊரில் கூடு இல்லை. புளோரிடாவுக்கும் நியூசிலாந்துக்கும் கணக்குச் சொன்ன நான் எங்கள் ஊர்க் கணக்கைச் சொல்லவில்லை. இங்கேயும் அது வந்து போகிற பறவையாகிவிட்டது.

இந்த வருஷம் குளத்துக்குள் நிற்கிற நாட்டுக்கருவேலங்களில், எல்லாம் பத்துப் பன்னிரண்டு மரம், சாயங்காலம் கொக்கு அடைகிறது. நேற்று 110 எண்ணினேன். இரண்டின் வாயில் குச்சி இருந்தது.

கெட்ட செய்தியும் இருக்கிறது. அந்தக் கருவேலங்களை வெட்ட ஏலம் விட்டாயிற்று. மரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 13

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "கருவேலம் வெட்ட வளர்த்ததுதானே" என்கிறார். ஆமாம். கலப்பைக்கும் விறகுக்கும் வளர்த்தது, ஏலப் பணம் ஊருக்கு வரும். நான் வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தை முடியட்டும் என்கிறேன். கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏலம் எடுத்தவரிடம் சட்டம் பேசினால் சண்டைதான் வரும். அவர் வீட்டுக்குப் போய் அவர் அம்மாவிடம் பேசினேன். ஆலமரத்தடியில் குடை பிடித்து நடந்தவர்களில் அந்த அம்மாவும் ஒருத்தி.

தீபாவளிக்கு மறுநாள்

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய் ஓரம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. அதைச் சொல்லி எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கேட்டேன். குளத்துப் பக்கம் வெடிக்க மாட்டோம் என்றார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு அணுகுண்டு வெடித்தான். 110 கொக்கும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தன. அவனே அழுதுவிட்டான், அவனை யாரும் திட்டவில்லை.

நவம்பர் 9

23 கூடு. இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன. கழுத்தெல்லாம் ஆரஞ்சு, அலகும் கண்ணோரமும் சிவந்திருக்கின்றன. ஆண் குச்சி கொண்டுவரும், பெட்டை வாங்கிச் செருகும். பக்கத்துக் கூட்டுக்காரன் நகர்ந்தால் அவன் குச்சியை உருவிவிடும்.

ஏலம் எடுத்தவர் ஆள் அனுப்பவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

டிசம்பர் 3

நாலு நாள் மழை. சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லை, வடிகாலில் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் மண்வெட்டியோடு அங்கேதான். குளத்தைப் பார்க்கப் போகவே இல்லை. நெல்லா கொக்கா என்றால் நெல்தான், வேறு வழியில்லை.

டிசம்பர் 6

இன்று போனேன். ஒன்பது கூடு சரிந்திருக்கிறது. மீதி 14. கரையோர மரத்தடியில் முட்டை ஓடு கிடந்தது, வெளிர் நீலம், உள்ளே சுத்தமாகக் காய்ந்து. கீழே விழுந்து உடைந்த ஓடு அப்படி இருக்காது. பொரித்துவிட்டுத் தள்ளிய ஓடு. மேலே கிச்கிச் என்று சத்தம். ஓட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

தம்பி, உங்கள் அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்.

டிசம்பர் 24

குஞ்சுகள் கிளையில் ஏறி நிற்கின்றன. தலையில் மயிர் சிலிர்த்துக்கொண்டு, பார்க்க அழகே இல்லை, அவ்வளவு பசி. தாய் வந்தால் அலகைப் பிடித்து இழுக்கின்றன. ஒன்று தண்ணீரில் விழுந்தது. ஏலம் எடுத்தவரின் மகன், ஒன்பதாவது படிக்கிறான், நீந்திப் போய் எடுத்துக் கிளையில் வைத்தான். தாய் ஏற்குமா என்று பயந்தேன். ஒரு மணி நேரத்தில் வந்து ஊட்டியது.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து இன்றுதான் எங்கள் கீழவயலில் அறுவடை மிஷின் இறங்கியது. பின்னால் கொக்கு. வளர்ந்த கொக்குக்கு அலகு மஞ்சள். அதற்கு நடுவில் அலகு இன்னும் கறுப்பு மாறாமல் சில நின்றன. வெட்டுக்கிளியைக் கொத்தினால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை தவறுகிறது. எண்ணினேன், 17. மிஷின்காரர் நிறுத்திவிட்டு, "என்னக்கா, நெல்லைப் பார்க்காம கொக்கைப் பார்க்கிறீங்க?" என்றார். "நம்ம குளத்துல பொறந்ததுங்க" என்றேன். இறங்கி வந்து அவரும் எண்ணினார். அவர் கணக்கு 19.

ஏலம் எடுத்தவர் மாசியில் வெட்டப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்கு மரத்தை விட்டுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறேன், அதற்கான பணத்தை நாங்கள் சில வீட்டுக்காரர்கள் போட்டுக்கொள்கிறோம். இன்னும் பதில் இல்லை.

தம்பி, அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்: அவர் படம் எடுத்த அந்த மந்தைக்குப் பக்கத்தில் கொக்கு எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, அந்த மரம் யாருடையது?